எருமை வருஷத்து அக்கா

தா லாத்,
பிப்ரவரி 12, 2025

அன்புள்ள யென் அக்காவுக்கு,

துக் எழுதுவது. நலம். என் கணவர் போனதிலிருந்து மூன்று ஆண்டுகளாக அழைக்கிறீர்கள். மார்ச் பத்தாம் தேதி ஹோய் ஆன் வருகிறேன். ஒரு வாரம் தங்குவேன். தொலைபேசியில் கத்துவது எனக்குப் பிடிக்காது. கடிதமாகவே பதில் எழுதுங்கள், எழுத்துப் பிழை இல்லாமல்.

வெளிநாட்டுக்காரர்களுக்காகத் திறந்த கடைகளில் சாப்பிட மாட்டேன். காவ் லாவ் நூடுல்ஸ் சந்தைக்குள்தான். விளக்குக் கடை முன்னால் நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது. ஒரு நாள் சாம் தீவுக்குப் படகில் போயே ஆக வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு மிருகம் என்ற நம் பன்னிரண்டு வருஷக் கணக்கில் இருவரும் எருமை வருஷத்தில் பிறந்தவர்கள்தான்; ஆனால் நீங்கள் என்னைவிட எட்டு மாதம் மூத்தவர். இந்த வயதிலும் கீரைப் பாத்தியில் குனிந்து நிற்கிறீர்களாம். நேரில் வந்து கண்டிக்கிறேன்.

உங்கள் தங்கை,
துக்


சா குவே கிராமம், ஹோய் ஆன்,
பிப்ரவரி 21

அன்புத் தங்கச்சி துக்,

வா, வா. கண்டிக்கும்போது கையில் ஒரு பூவாளியைப் பிடித்துக்கொள், துளசிக்குத் தண்ணீர் விட்டமாதிரியும் ஆகும். பாத்திக்கு ஆற்றுப்பாசி உரம் போட்டிருக்கிறேன். நாற்றத்தை இப்போதே சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு ஹான், "அந்தக் கான்வென்ட் சீமாட்டி வர்றாங்களா? அப்ப நான் வாயைக் கழுவிட்டுத்தான் பேசணும்!" என்கிறாள்.

தீவு மட்டும் வேண்டாமே. அலை அதிகம், உனக்கு வாந்தி வரும். நீர்த்தென்னைக் காட்டுக்குள் பரிசலில் கூட்டிப்போகிறேன்.

உன் அக்கா,
யென்


தா லாத்,
மார்ச் 19

திருமதி யென் அவர்களுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். காவ் லாவ் நன்றாக இருந்தது. பரிசல்காரர் என்னைப் பம்பரமாகச் சுழற்றியபோது நான் கூச்சலிட்டதாக ஹானிடம் சொன்னீர்களாம். அது கூச்சல் அல்ல, ஜெபம்.

விஷயத்துக்கு வருகிறேன். வற்புறுத்தி உங்களைத் தீவுக்கு இழுத்துப் போனது நான்தான். படகுத்துறையில் பயணிகள் பட்டியல் எழுதிய பெண் நம் அடையாள அட்டைகளை வாங்கி உரக்கப் படித்தாள்.

"துக் பாட்டி, நாற்பத்தொன்பது நவம்பர். யென் பாட்டி, ஐம்பது மார்ச். அட, நீங்க எருமைக்கு அடுத்த புலி வருஷமா பாட்டி? உறுமாம ஏறுங்க!"

"தப்பாப் படிக்கிறியேம்மா. இவங்க என் அக்கா."

"அட்டையில இருக்கிறதைத்தானே படிக்கிறேன்? நீங்கதான் நாலு மாசம் பெரியவங்க."

நீங்கள் மறுக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஆகவேதான் மறுநாள் காலையே பஸ் ஏறினேன்.

அறுபத்து மூன்று ஆண்டுகள்! கான்வென்ட் பள்ளி விடுதியில் ஜன்னலோரக் கட்டில் உங்களுக்கு. நீங்கள் குளிக்கத் தண்ணீர் சுமந்தது நான். "அக்கா, சாப்பிடுங்க" என்று சொல்லாமல் ஒரு நாளாவது என் கிண்ணத்தைத் தொட்டிருப்பேனா?

விளக்கம் தேவை. அது வரும்வரை இந்த நட்பு நிறுத்தி வைக்கப்படுகிறது.

துக்


சா குவே,
மார்ச் 28

துக்,

எந்த முறை சொல்லி எழுதுவதென்று தெரியாமல் பெயரோடு நிறுத்திவிட்டேன்.

எல்லாம் அம்மா செய்த வேலை. புலி வருஷத்துப் பெண் புருஷனைத் தின்றுவிடுவாள், எவனும் கட்ட மாட்டான் என்பார்களே. பள்ளியில் சேர்த்த அன்று வாசலிலேயே என் காதைத் திருகினாள். "யாரு கேட்டாலும் எருமைன்னு சொல்லுடி. வாய் தவறிப் புலின்னியோ, தோலை உரிச்சிடுவேன்!" மதர் சுப்பீரியருக்கு மட்டும் உண்மை தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலமே நீ சீப்போடு வந்து நின்றாய். "அக்கா, பின்னிவிடுறீங்களா?" ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள் நான். அதற்கு முன் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

கல்யாணம் ஆனபிறகாவது சொல்லியிருக்கலாம். (அவர் எண்பத்திரண்டு வயது வரை என் சமையலைத் தின்றார், நான் அவரைத் தின்னவில்லை.) சொன்னால் நீ கூப்பிடுவதை மாற்றிவிடுவாயே என்று பயம். இன்றைக்கு ஊருக்கெல்லாம் நான் பாட்டி. அக்கா என்று கூப்பிட நீ ஒருத்திதான் மிச்சம்.

மன்னித்துவிடு. அத்தனை வாளித் தண்ணீருக்கும் சேர்த்து.

யென்


தா லாத்,
ஏப்ரல் 8

யென்னுக்கு,

"அன்புத் தங்கச்சி" என்று தொடங்கி நான்கு தாள்களைக் கிழித்தேன். நல்ல தாள்கள். "நீ" என்று எழுதும்போதெல்லாம், மரியாதை தவறினால் அளவுகோலால் விரலில் அடிக்கும் சிஸ்டர் பின்னால் நிற்பதுபோல இருக்கிறது.

உன் அம்மாமேல் கோபம் இல்லை. பெண்ணைப் பெற்றவள், பயந்தாள். உன்மேல் இருக்கிறது. மே மாதம் இங்கே வந்து ஒரு வாரம் எனக்குக் குளிக்கத் தண்ணீர் சுமந்து கொடு. குழாயில் வருகிறது, இருந்தாலும் சுமக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால், மூத்தவள் என்ற முறையில் உனக்கு நான் ஓர் உத்தரவுகூடப் போட்டதில்லை. நான்கு மாத மூப்புக்கு ஒன்றாவது போட எனக்கு உரிமை உண்டு. இப்போது போடுகிறேன். இளையவள் எதிர்த்துப் பேசக் கூடாது.

இன்றுமுதல் நீங்கள்தான் அக்கா.

உங்கள் தங்கை,
துக்