மேற்கு ஜன்னல்

குவைத்
28.7.1979

அன்புள்ள சென்னியம்மாளுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மோகனூரில் ஆடிக்காற்று தொடங்கியிருக்குமே, உன் மூச்சிளைப்பு எப்படி இருக்கிறது?

நீ வந்து இருப்பதற்கு வீடு பிடித்தேன். நம் ஊர்போல் மேல்காற்று குளுகுளுவென்று வரட்டும் என்று மேற்கு ஜன்னல் உள்ள வீடாகக் கேட்டு வாங்கினேன். போன வாரம் அதே ஜன்னல் வழியாக மணல்காற்று புகுந்து சோற்றுச் சட்டியை நிரப்பிவிட்டது. பயப்படாதே, எனக்கு இரண்டு தும்மலோடு போயிற்று.

என்னோடு வேலை செய்யும் ஜலகண்டாபுரத்துக் கண்ணுசாமி அண்ணன் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க தம்பி, இந்தச் சீமையில மேக்காத்துன்னா மண்ணுங்க! கோடை முச்சூடும் இப்படித்தானுங்க. இளைப்புக்காரப் புள்ளைய இதுக்குள்ளயா கூட்டியாருவீங்க?" என்றவர், கடலோரத்தில் கிழக்குப் பார்த்த தன் வீட்டை நமக்கு விட்டுவிட்டு, என் மேற்கு வீட்டுக்குக் குடிபோய்விட்டார். வந்த இடத்தில் இப்படி ஒரு மனிதர் கிடைத்தது நம் புண்ணியம். புழுதி அடங்கியதும் ஐப்பசியில் நீ வரலாம்.

அதற்குள் ஒரு சின்ன உதவி. கடலோரத்திலும் கொஞ்சம் தூசி வருகிறது. ஜன்னலில் ஈரத்துணி கட்டினால் நிற்கும். இங்கே கிடைப்பதெல்லாம் நைலான், ஈரம் பிடிக்காது. நீ கட்டிப் பழசான, இளம்பிள்ளையில் நெய்த நூல் சேலை ஒன்றை, ஊரிலிருந்து வருகிறவர் யார் கையிலாவது கொடுத்துவிடு. துவைக்க வேண்டாம், நானே துவைத்துக்கொள்கிறேன்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. மறந்துவிடாதே, துவைக்காமல்.

உன்
நாச்சிமுத்து