நிற்கக் கூடாத முதல் வண்டி

அண்ணே,

நாலு நாளாகச் சோப்புப் போட்டுக் கழுவியும் என் கையிலிருந்து துரு வாசனை போகவில்லை. மூக்கின் பிரமைதான் என்று தெரிகிறது, ஆனாலும் சோற்றில் கை வைத்தால் முதலில் அதுதான் வருகிறது. நம் உப்பு டிராலிப் பாதையைத் தொட்டுவிட்டு வந்த கை இது. நீ போன பிறகு ஆறு வருஷமாக அந்தப் பக்கம் நான் தலை வைத்துக்கூடப் படுத்ததில்லை.

கூனிமேட்டு பாய் ஒருவர் தண்டவாளத்தைப் பழைய இரும்பு விலைக்கு எடுத்திருக்கிறார் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். பெயர்த்துக்கொண்டு போவதற்குள் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று போனேன். உப்பு அரவை மில்லுக்கு இப்போது கூரை கிடையாது. கால்வாய் தூர்ந்து படகு வராமல் போனதுமே அதன் கதை முடிந்துவிட்டது. லாரி நேராக உப்பளத்துக்கே வந்து உப்பை ஏற்றிக்கொண்டு போகிறது. சுவரைத் தொட்டால் செங்கல் மாவாக உதிர்கிறது. உப்பு குவிக்கும் மேட்டிலிருந்து மில் வாசலுக்குச் சரிந்து இறங்கும் நம் பாதையில் பாதி மணலுக்குள் போய்விட்டது. மீதியைக் கடப்பாரை போட்டு நெம்பிக்கொண்டிருந்தார்கள். கழன்று விழும் ஆணிகளைச் சில பெண்கள் கூடையில் பொறுக்கினார்கள். அதில் ஒருத்தி உன் வீட்டுக்காரி. அண்ணியை நான் அங்கே எதிர்பார்க்கவில்லை.

அந்தச் சரிவில் நாம் எத்தனை நடை இறங்கியிருப்போம்! நீ முன்னால் ஓடி, ஓலைத் துடைப்பத்தால் தண்டவாளத்து மணலைத் தள்ளுவாய். மணல் ஏறினால் சக்கரம் தடம் புரண்டுவிடும். நான் டிராலியின் பின்னால் நின்று, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் சவுக்குக் கட்டையைப் பிடித்திருப்பேன். வண்டியை அடக்க அது ஒன்றுதான் வழி. “ஏம்பா, கட்டய புடிச்சிகினு தூங்கறியா, சாமி கும்புடறியா?” என்று திரும்பித் திரும்பிக் கேட்பாய். எனக்குக் கோபம் வரும். உனக்கு அது வேண்டும், அதற்காகவே கேட்பாய்.

தை மாசம் முதல் உப்பு வாரியதும் டிராலிக்குச் சூடம் காட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி அனுப்புவார்கள். அந்த முதல் வண்டி மில் வாசல் போய்ச் சேரும்வரை நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் பருவம் தப்பி மழை கொட்டி, பாத்தியில் விளைந்ததை எல்லாம் கரைத்துவிடும் என்று அளத்தில் அத்தனை பேரும் நம்பினோம், உன்னைத் தவிர. “மழ இன்னா, நம்ம டிராலிய பாத்துகினா வருது?” என்பாய்.

எழுபத்து மூன்று தையில், அந்த முதல் வண்டிக்கு முன்னால்தான் உன் கால் மாட்டியது. தண்டவாளத்துக்கு அடியில் மக்கிப்போன சிலீப்பர் கட்டை உடைந்து உன் பாதம் உள்ளே இறங்கியதைப் பார்த்தேன். “டேய், கட்டய போடுடா!” என்று கத்தினாய். எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று எனக்கே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், அண்ணே. கேட்டது. முதல் வண்டியாயிற்றே, மேட்டில் எல்லாரும் நின்று பார்க்கிறார்களே, எப்படியும் நீ காலை உருவிக்கொள்வாய் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் வண்டி உன்மேல் ஏறிவிட்டது. பிறகு கட்டையைப் போட்டேன். வண்டி நிற்கவில்லை, மில் வாசலில் போய்த்தான் முட்டி நின்றது. அந்த வருஷம் மழையே இல்லை. உப்பு கொட்டோ கொட்டென்று கொட்டியது.

மேஸ்திரி ஓடி வந்து, “குடிச்சிருந்தானாடா?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றேன்.

நீ மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து, குடியை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது எனக்குத் தெரியாதா? சாயங்காலமானால் சாராயக்கடைப் பக்கம் திரும்பாமல் என்னோடுதானே டீக்கடையில் உட்கார்ந்திருப்பாய். பழி என்மேல் விழக் கூடாது, அவ்வளவுதான் அப்போது என் கவலை. நான் கோழை. இறந்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான் என்கிற தைரியம் மட்டும் இருந்தது.

என்னைப் பார்த்ததும் அண்ணி கூடையை ஆட்டிக் காட்டி, “இதுல எந்த ஆணியில அந்தக் குடிகாரன் ரத்தம் இருக்குதோ” என்றார். வெயில் அதிகம் என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கூடையை இடுப்பில் வைத்தபடி முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அமாவாசைக்கு அமாவாசை ஊரே படைக்குது. பொண்ணு தலையில வச்ச சத்தியத்த மீறின மனுசனுக்கு இன்னாத்துக்குச் சோறுன்னு நான் ஒரு தபா கூட எல போடல. ஆறு வருசமா அந்த மனுசனப் பட்டினி போட்டுட்டேனே தம்பி. நீ வாயத் தொறந்திருக்கக் கூடாதா?”

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர் பாட்டுக்கு நடந்துபோனார்.

இன்று அமாவாசை. மத்தியானம் உன் வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே உனக்கு இலை போட்டிருந்தது. வடை, பாயசம், பூசணிக்காய்க் குழம்பு. உன் மகள் சூடம் ஏற்றினாள். அண்ணி இலைக்கு முன்னால் விழுந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை.

நீ இருந்திருந்தால், “டேய், வெளிய இன்னா பண்ற, உள்ள வந்து சாப்புடு” என்று கூப்பிட்டிருப்பாய். நான் செய்தது அத்தனையும் தெரிந்த பிறகும் கூப்பிட்டிருப்பாய். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், அண்ணே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.