சாயபு போடப்போகும் கையெழுத்து

குண்டூர் நாடு, கொல்லிமலை
தாது வருஷம் ஆனி மாதம் 11-ந் தேதி

அன்பு மகன் சிரஞ்சீவி அர்த்தனாரிக்கு உன் அப்பன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. எட்டுக்கை அம்மன் காவலில் இங்கே உன் அம்மாவும் ஆடுமாடுகளும் சுகம், சேலத்து ஹாஸ்டல் சோறு உன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு வரி எழுது. நானும் சுகம் என்று எழுதினால் அது பொய், பத்து நாளைக்கு முன் காட்டில் முள் வெட்டும்போது அரிவாள் இடது காலில் இறங்கிவிட்டது, உன் அம்மா பச்சிலை வைத்துக் கட்டியிருக்கிறாள், புண் ஆறுகிறது, ஆனால் காலை ஊன்ற முடியவில்லை. சாமை விதைப்பை உன் சித்தப்பன் பார்த்துக்கொண்டான். இதற்காக நீ படிப்பை விட்டு ஓடிவர வேண்டாம்.

இன்று காலை அப்துல் சுக்கூர் சாயபு மலையேறி வந்தார். காளப்பநாயக்கன்பட்டியில் நம் மிளகை வாங்குகிறவர், இத்தனை வருஷமாக நாம்தான் சுமந்துகொண்டு இறங்குவோம், அவர் ஒரு நாளும் ஏறி வந்ததில்லை. சட்டை நனைந்து, மூச்சு வாங்கி, உட்கார்ந்ததும் மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். உன் கையெழுத்து. எனக்குத்தான் எழுதியிருக்கிறாய் என்று கையை நீட்டினேன், அவருக்கு எழுதியதாம். நாலு பக்கம். எனக்கு நீ அனுப்புவது கார்டில் ஆறு வரி, அதிலும் இரண்டு வரி மாட்டை விசாரித்து. வயிறு எரிந்தது சாமி, மறைக்க மாட்டேன். உன் அம்மா அவருக்குப் பலாச்சுளையும் தேனும் எடுத்து வைத்ததைப் பார்க்கவும் எரிந்தது.

விஷயத்தை அவர் வாயால்தான் தெரிந்துகொண்டேன். லீவில் வந்தபோது ஐந்தாம் பாரம் வகுப்பில் எந்த விருப்பப் பாடம் எடுக்கட்டும் என்று கேட்டாய், எது சுலபம் என்று கேட்டேன், சரித்திரம் என்றால் நெட்டுருப் போட்டுவிடலாம் என்றாய். இந்த வருஷம் அதை எடு, அடுத்த வருஷம் கணக்கும் சயன்ஸும் எடுத்துக்கொள் என்று சொன்னவன் நான்தான். நம் காட்டில் ஒரு வருஷம் சாமை, மறு வருஷம் கேழ்வரகு, அப்புறம் சும்மா போடுகிறோம், பாடத்தையும் அப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன். எடுத்த பாடம் பெரிய பரீட்சை வரைக்கும் மாறாது, அதைப் பார்த்துத்தான் காலேஜிலும் சேர்ப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கணக்கும் சயன்ஸும் படித்தவன் பிற்பாடு மனம் மாறினால் சரித்திரப் பட்டத்துக்கும் போகலாமாம், சரித்திரத்தை எடுத்தவன் டாக்டர் படிப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாதாம். சாயபு விரல்விட்டு எண்ணி எண்ணி விளக்கினார். உன்னோடு படிக்கும் தன் மகன் அப்பாஸ் அலிக்கு முதலிலேயே சரியாக எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவர் விவரம் தெரிந்த அப்பன், நான் தெரியாத அப்பன், நன்றாக இருக்கிறது.

நீ டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுவதும் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். உன் அக்கா அத்தாயியைப் பிரசவ வலியோடு தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கும்போது வழியிலேயே போய்விட்டாளே, அதனால்தான் என்று எழுதியிருக்கிறாயாம். அன்றைக்குத் தூளிக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவன் நான். அதை என்னிடம் சொல்லாமல் மிளகு வியாபாரியிடம் சொல்லத் தோன்றியதே கண்ணு. என் மகன் ஏன் எனக்கு எழுதவில்லை என்று அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் கடிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டார். பிறகு, "அப்பா சொன்னது தப்புன்னு அப்பாகிட்டயே எப்படிங்க சொல்றதுன்னு கேட்டு எழுதியிருக்கானுங்க. வேற ஒண்ணுமில்லீங்க" என்றார். கோபம் தணிந்தது. பொறாமை தணியவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் கார்டியன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் பாடத்தை மாற்றித் தருவதாக ஹெட்மாஸ்டர் சொன்னாராமே. இன்னும் இரண்டு நாள்தான். நானே வருகிறேன் என்று தடியை ஊன்றி எழுந்தேன், மாட்டுக்கொட்டகை வரைக்கும்தான் போக முடிந்தது, விழுந்துவிட்டேன். சாயபு வந்து தூக்கினார், அவர் கையைத் தட்டிவிட்டேன், அது தப்பு. நீங்கள் ஒரு கடிதாசி கொடுத்தால் நான் போய் வருகிறேன் என்று அவரே சொன்னார். காலையில் வந்த மனிதரை மத்தியானம் சாயும்வரை காக்க வைத்துவிட்டு, என் மகனுக்கு இவரைக் கார்டியனாக ஏற்றுக்கொள்ளவும் என்று ஹெட்மாஸ்டருக்கு எழுதினேன். அந்த ஒரு வரிக்கு மூன்று காகிதம் கிழிந்தது. அதையும் இதையும் அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன்.

கணக்கு வராவிட்டால் அப்பாஸ் அலியோடு உட்கார்ந்து போட்டுப் பார், கூச்சப்படாதே. மலைக்காரன் என்று எவனாவது சிரித்தால் சிரிக்கட்டும். வாரத்துக்கு ஒரு தரம் எண்ணெய் தேய்த்துக் குளி. இனிமேல் நல்லதோ கெட்டதோ முதலில் எனக்கு எழுது, அப்புறம் அவருக்கு எழுது. என்னைத் தப்பு என்று சொல்வதாக இருந்தாலும் எழுது. நாலு பக்கம் வேண்டாம், இரண்டு பக்கம் போதும்.

நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருந்து, எடுத்த படிப்பை முடிக்க வேண்டும் என்று உன் அம்மா கண்ணாயி திருநீறு மடித்து வைத்திருக்கிறாள், பூசிக்கொள். மறக்காமல் ஒன்று செய். கார்டியன் என்று போட்டிருக்கும் இடத்தில் சாயபு கையெழுத்துப் போடட்டும். தகப்பனார் பெயர் என்று ஒரு இடம் இருக்குமே, அதில் என் பெயரை நீ உன் கையால் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பன்
செங்கோடன்