அப்பா பார்த்த வெளிச்சம்

அன்பு மகள் கொரினுக்கு,

கொரியாவில் உங்கள் பூசானில் மழை பிடித்துக்கொண்டதாகச் செய்தியில் பார்த்தேன், நீயும் உன் பூனையும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தபடியே இந்த மின்னஞ்சலை எழுத உட்கார்ந்தேன். எனக்கு முழங்காலைத் தவிர வேறு குறையில்லை. இங்கே மிச்சிகனில் பழம் பறிக்கும் நேரத்தில் மழை கொட்டி செர்ரியெல்லாம் மரத்திலேயே வெடித்துவிட்டது, உன் சித்தி ஜாம் காய்ச்சியே தீர்ப்பேன் என்று வெடித்ததையும் வாரிக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை போனில் நான் ஆமாம், இல்லை என்று மட்டும் பேசினேன் என்று உனக்குக் கோபம். உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் கண்ணு, நான் வேறென்ன பேசுவேன். அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், இதைத் தனியாக இருக்கும்போது படி.

இந்தக் கோடைக்கு நம் ஊர் நாடகக் குழுவை வைத்து மார்லிஸ் இயக்கும் பாட்டு நாடகத்தில் அப்பாதான் கலங்கரை விளக்கின் காவலர். கடைசிப் பாட்டைக் கோபுரத்தின் உச்சியில் நின்று பாடிவிட்டு விளக்கை ஊதி அணைக்க வேண்டும், உடனே மேடை முழுக்க இருட்டு, அந்த இருட்டிலேயே மரப்படியில் இறங்கி வந்துவிட வேண்டும். பார்ப்பவர்கள் பக்கம் கைப்பிடி கிடையாது, வைத்தால் முகத்தை மறைக்கிறதாம், மார்லிஸின் உத்தரவு. படி விளிம்பில் இருட்டில் பச்சையாக மினுங்கும் நாடா ஒட்டியிருக்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். கீழே, நாடகம் நடக்கும் அந்தப் பழைய செர்ரிக் கிடங்கின் சிமெண்டுத் தரை. கூட்டம் வரும் நாளில் கேமராவுக்கு அனுமதி இல்லை என்பதால் வழக்கம்போல வேஷம் கட்டிய ஒத்திகை இரண்டையும் நான்தான் படம் எடுத்தேன், வாசல் பலகைக்கும் பத்திரிகைக்கும் அதுதானே போகும்.

செவ்வாய்க்கிழமை இருட்டு வந்து போய் விளக்குகள் எரிந்தபோது அப்பா கீழே இல்லை. உச்சியிலேயே, கைப்பிடி இல்லாத விளிம்பில், ஒரு காலை வெளியே நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். என் விரல் தானாக அமுங்கியது, நல்ல படம் என்றுதான் முதலில் தோன்றியது, அதை நினைத்தால் இப்போது என்னையே அறையலாம் போலிருக்கிறது. அவராகவே காலை உள்ளே இழுத்துக்கொண்டார். மற்றவர்கள் கைதட்டினார்கள். நம் நாடகக்காரர்களின் பைத்தியம் உனக்குத் தெரியும், ஒத்திகை கெட்டால் அரங்கேற்றம் அமோகமாக நடக்கும் என்று கும்மாளம் போடுவார்கள். மார்லிஸ் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு, “சொதப்பு எவரெட், இன்னும் நல்லா சொதப்பு, பீடையெல்லாம் இன்னிக்கே தொலையட்டும்” என்றாள். வீட்டுக்கு வரும்போது வண்டியில் கேட்டேன். “உன் கேமரா முதுகுல பச்சையா ஒரு வெளிச்சம் தெரிஞ்சுது வெர்னா, படின்னு நெனச்சுட்டேன்” என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? வசந்த காலம் முழுக்க அவரைக் கண்காணித்துக்கொண்டே இருந்தேன், தண்ணீர் ஊற்றாமல் காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வராமல் சிரித்து மழுப்புகிறார். இப்போது குற்றம் என் கேமராவுடையது, அவர் மூளையுடையது இல்லை என்று ஆகிவிட்டதே. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

புதன்கிழமை கேமராவின் திரை, சின்னச் சின்ன விளக்கு எல்லாவற்றையும் கறுப்பு நாடாவால் மூடி ஒட்டினேன், இடத்தையும் மாற்றி மேடைக்கு மறுகோடியில் போய் உட்கார்ந்தேன். இருட்டு வந்தது. விளக்கு எரிந்தபோது அதே விளிம்பு, அதே கால், இந்த முறை உடம்பும் பாதி வெளியே சாய்ந்துவிட்டது. நாடகத்தில் அவர் மகளாக நடிக்கும் ஜானெல் பின்னாலிருந்து அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். பொத்தான் அறுந்து சிமெண்டில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதும் கைதட்டினார்கள் கொரின். “ரெண்டு ஒத்திகையும் நாசமாப் போச்சு, வெள்ளிக்கிழமை நாம தூள் கிளப்பறோம்” என்று மார்லிஸ் குதித்தாள். நான் படியடிக்கு ஓடினேன். அப்பா என் காதோடு, “உன் வெளிச்சம்தான் வெர்னா, இன்னிக்கும் நேத்து இருந்த பக்கமே இருந்துது” என்றார். என்னிடம் வெளிச்சமே இல்லை, அந்தப் பக்கம் யாருமே உட்காரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்று தலையாட்டினேன்.

இன்றைக்குக் காலையில் மார்லிஸிடம் போய்ச் சொன்னேன். “பயம் உனக்குத்தாண்டி, அவருக்கு இல்ல. டிக்கெட்டெல்லாம் வித்தாச்சு, மாத்து ஆளுக்கு நான் எங்க போவேன்? இவ்வளவு மோசமான ஒத்திகைக்கு அப்புறம் இங்க என்னிக்காவது ஏதாவது ஆகியிருக்கா?” என்று என்னை அனுப்பிவிட்டாள். அவரிடமே கெஞ்சினேன். “இதையும் பிடுங்கிட்டா நான் சாப்பிட்டுத் தூங்கற ஆளுதான், வேற யாரு?” என்றார், கண் கலங்கிவிட்டது. டாக்டரிடம் எல்லாக் காட்சியும் முடிந்த பிறகு வருகிறாராம். மத்தியானம் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, “நாளைக்கும் அந்த வெளிச்சத்தோட அதே இடத்துல இரு, அதைப் பார்த்துத்தான் நான் இறங்கறேன்” என்று சாதாரணமாகச் சொன்னார்.

நான் சொன்னால் நச்சரிப்பு, நீ சொன்னால் அவருக்கு அது பேச்சு. அவரைக் கூப்பிட்டு, கோபுரத்தில் ஏற வேண்டாம் என்று நேராகச் சொல். அம்மாதான் எழுதினாள் என்றும் சொல், கோபம் என் மேல் இருக்கட்டும், ஆள் இருந்தால் போதும். அவர் கேட்காவிட்டாலும் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். மேடை விளக்குகளின் சுவிட்சுப் பலகையைப் பார்த்துக்கொள்ளும் டுவைனிடம் செவ்வாய்க்கிழமை எடுத்த அந்தப் படத்தைக் காட்டினேன். “மார்லிஸ் என் தோலை உரிச்சிடுவா” என்று சிரிக்க ஆரம்பித்தவன் படத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான், தன் முக்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டான். நாளைக்கு நான் அவன் பக்கத்தில்தான் உட்காரப்போகிறேன். பாட்டு முடிந்து அவர் விளக்கை ஊதியதும் மொத்தக் கிடங்கின் விளக்கையும் நான் போட்டுவிடுவேன். நாடகம் கெடட்டும், ஊர் முழுக்க என்னைக் காறித் துப்பட்டும், அவர் தன் காலைத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டு இறங்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, கடவுள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். உங்கள் ஊரில் சனிக்கிழமை விடியும்போது இங்கே வெள்ளி மாலை. எழுந்ததும் நீ காபி போடுவதற்கு முன்னால் கூப்பிட்டுவிடு, அதற்குப் பிறகு அவர் கோபுரத்தில் ஏறிவிடுவார்.

உன்னையே நம்பியிருக்கும்
அம்மா வெர்னா