சரசு, ரோகிணி நட்சத்திரம்

கார்த்திகை 9, செவ்வாய்.

இன்று முருகன் கோயிலில் அர்ச்சனைக்கு மகன், மருமகள், பேத்தி பேரெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவன், "சரசு, ரோகிணி நட்சத்திரம்" என்றும் சொல்லிவிட்டேன். பூசாரி நிமிர்ந்தார்.

"ஏனுங்க மிலிட்டரிக்காரரே, ஊட்டுக்காரம்மா போயி ரெண்டு வருசம் ஆச்சுங்களே. உசுரோட இருக்கறவங்களுக்குத்தானுங்க அர்ச்சனை."

வரிசையில் நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, நாகலூர் பஸ் ஏறிவிட்டேன்.

வாய் தவறியது என்று சொல்லியிருக்கக் கூடாது. போருக்குப் போன என்னிடமிருந்து கடிதம் வருவது நின்றபோது, நான் செத்துவிட்டதாக ஊரே பேசியது. சரசு மட்டும் வாராவாரம் அதே சந்நிதியில் என் பேருக்கு அர்ச்சனை செய்தாள். அன்றைய பூசாரியும் தயங்கினாராம்.

"அவரு வந்துருவாருங்க, நீங்க பேரச் சொல்லுங்க" என்றாளாம்.

எனக்கு இன்று அந்த வாய் வரவில்லை, சரசு.