கன்னத்துச் சிவப்பு

பீட்டர்ஸ்பர்க்,
செப்டம்பர் 1878

அன்பு நண்பன் யெவ்சேய்க்கு,

லுக்யான் எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று எல்லாக் கடிதத்திலும் ஒப்புக்குக் கேட்டிருக்கிறேன். இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

அக்டோபரில் கிரிமியாவிலிருந்து திரும்பிவிடுவதாக நீ எழுதியதும் வீட்டுக்கார பெலகேயா அம்மாளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவளும் உடனே உன் மெத்தையை வெயிலில் போட்டாள். இங்கே வெயில் பேருக்குத்தான், உனக்குத் தெரியாததா! தேவாலயச் சுவரில் தேவதூதர்களை வரைய நீ போன நாளிலிருந்து இந்த அறையில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. நான் வரைந்த உன் படத்தை எதிரே வைத்துக்கொண்டுதான் டீ குடிக்கிறேன். ஞாபகப் பிசகில் இரண்டு தம்ளரில் ஊற்றிவிடுகிறேன். "படம் டீயக் குடிச்சிருச்சா, இல்ல சக்கர பத்தலன்னு கோவிச்சுக்கிச்சா?" என்று அம்மாள் கேலி செய்கிறாள். சிரித்து வைக்கிறேன். அவள் போனதும் அழுகை வருகிறது.

அந்தப் படத்தை நடுவில் ஒரு வாரம் கண்காட்சிக்கு அனுப்பியிருந்தேன். கன்னத்துச் சிவப்பு ஞாபகம் இருக்கிறதா? மார்ச் மாதத்து மங்கல் வெளிச்சத்தில் அந்த நிறம் எப்படி வரும் என்று குழம்பி, சுரண்டிச் சுரண்டி மறுபடி பூசினேன். குடித்துவிட்டு வந்து உட்காராதே என்று உன்னைத் திட்டக்கூடச் செய்தேன். "உன்னப் பாத்து வெக்கப்படறேன்டா" என்று நீ சொல்லிவிட்டு, இருமி இருமிச் சிரித்தாய். கண்காட்சியில் எல்லாரும் அந்தக் கன்னத்தைத்தான் புகழ்ந்தார்கள். மாப்பிள்ளைக் களை என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கிழட்டு மருத்துவர் ஒருவர் மட்டும் படத்தை விட்டு நகரவில்லை. பாராட்டப் போகிறார் என்று பக்கத்தில் போய் நின்றேன். "இவருக்குச் சாயங்காலமானா காய்ச்சல் வருமா?" என்றார். படத்தைப் பாருங்கள், நாடி பிடிக்காதீர்கள் என்று எரிந்து விழுந்தேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க பாத்ததத்தான் தம்பி நானும் பாக்குறேன். உங்களுக்கு அது நெறம். எனக்கு அதோட பேரு தெரியும்" என்றார். கண்ணின் பளபளப்பையும் கழுத்துக் குழியையும் காட்டினார். காசநோய் என்றார். இந்த ஊர்க் குளிரில் நீ ஈஸ்டரைப் பார்க்க மாட்டாயாம். தெற்கே வெயிலும் பாலும் ஓய்வுமாக இருந்தால் பிழைக்க வழியுண்டாம்.

சுண்ணாம்புத் தூசியால்தான் இருமல் என்று நீ எழுதியிருந்தாய். என் கையே என்னிடம் வேறு சொல்கிறது யெவ்சேய். உள்ளதை உள்ளபடி வரைகிறவன் என்று மார்தட்டிக்கொண்டவன் நான். உன் நோயை அப்படியே வரைந்துவிட்டு, அதை அழகு என்று நினைத்தேனே.

ஆகையால் வராதே. உன் பிடிவாதம் எனக்குத் தெரியும் என்பதால், நீ இங்கே விட்டுப்போன ஆட்டுத்தோல் மேலங்கியை அம்மாளின் மருமகனுக்குக் கொடுத்துவிட்டேன். அது இல்லாமல் இந்தக் குளிரில் நீ ரயிலை விட்டு இறங்க முடியாது. என்னைத் திட்டித் தீர். அங்கேயே இருந்து திட்டு. நீ வர வேண்டும் என்று என்னைவிட ஏங்குகிறவன் இந்த ஊரில் யாருமில்லை. அதனால்தான் இதை நானே எழுத வேண்டியிருக்கிறது.

தேவதூதர்கள் காத்திருக்கட்டும், அவர்களுக்கு ஆயுசு கெட்டி. நல்ல மருத்துவராகப் பார். பால் குடி. ஈஸ்டர் கழிந்ததும் கண்ணாடி முன் உட்கார்ந்து உன் முகத்தை நீயே வரைந்து எனக்கு அனுப்பு. என்னைத் தேற்றுவதற்காக ஒரு பொட்டு நிறம்கூட மாற்றிப் பூசாதே. ஆண்டவர் உன் கன்னத்தை வெளுக்க வைக்கட்டும்.

உன்,
லுக்யான்