ரோஸ்மில்க் தண்ணியும் ஒரு முழங்கையும்

அம்பத்தூரில் நேற்று ஒரு வளைகாப்பு. தட்டில் வைத்து ரோஸ்மில்க் நீட்டினார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஆபரேஷன் தியேட்டர் ஞாபகம் வந்துவிட்டது. இதை அங்கே யாரிடம் சொல்ல? உன்னிடம்தான் சொல்லலாம். நீயோ சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

அந்த எசென்ஸைத் தியேட்டருக்குள் கொண்டுவந்த மகராசி நீதானே. எண்பதுகளின் கடைசி. ஆவடியில் நாம் இரண்டு பேரும் மயக்க டாக்டர்கள். மயக்கத்தில் இருக்கிற குழந்தையின் நுரையீரல் எவ்வளவு சுலபமாக விரிகிறது என்று அளந்தே தீருவேன் என்று நின்றாய். “புஸ்தகத்துல கீறதெல்லாம் வெள்ளக்காரன் ஊட்டுப் புள்ள அளவு. நம்ம புள்ளைங்களுக்கு இன்னா அளவுன்னு எவன் பாத்தான்?” பூந்தமல்லியில் பிறந்தவள், டாக்டரான பிறகும் பேச்சை மட்டும் மாற்றிக்கொள்ளவே இல்லை.

லாடம் போல வளைந்த ஒரு கண்ணாடிக் குழாய், அதில் பாதி தண்ணீர். மூச்சு கொடுக்கும் ரப்பர் பையை நீ அமுக்கும்போது எவ்வளவு அழுத்தம் என்பதைத் தண்ணீர் ஏறிக் காட்டும். எவ்வளவு காற்று போனது என்பதை ஒரு டயல் காட்டும். லேசாக அமுக்கியதும் காற்று போனால் நல்லது. புது பலூன் மாதிரி முரண்டு பிடித்தால் ஏதோ கோளாறு. வெறும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ரோஸ்மில்க் எசென்ஸை ஊற்றினாய். அதில் இருந்த சர்க்கரைக்கு எறும்பு வந்தது, எறும்புக்காக சிஸ்டர் சண்டைக்கு வந்தார். “எறும்பும் மூச்சு வுடுது சிஸ்டர், அதயும் அளந்துடலாம்” என்றாய்.

அப்புறம் என் பையன் முறை. மூன்று வயது, குடலிறக்கம். “அம்மாவா வந்தா வெளிய நில்லு. டாக்டரா வந்தா வாய மூடிகினு நில்லு” என்றாய். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பாதி ஆபரேஷனில் சிவப்புத் தண்ணீர் ஏறியது. அதே காற்றுக்கு இரண்டு பங்கு அழுத்தம். பையன் வாயில் போட்டிருந்த குழாயைத் தடவினாய், மடங்கவில்லை. சளியை உறிஞ்சினாய், வரவில்லை. தண்ணீர் இறங்கியது, மறுபடி ஏறியது. நுரையீரல் கிழிந்து காற்று வெளியே கசிகிறதோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. வாயைத் திறக்காமலே திருவேற்காட்டு அம்மனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன்.

நீ குழாயை விட்டுவிட்டுச் சுற்றிலும் பார்த்தாய். வெளியே நடையில் யாரோ டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே சத்தம் எழும்போதெல்லாம் நம் பெரிய சர்ஜன் ஸ்கோர் கேட்கக் கதவுப் பக்கம் சாய்வார். சாயும்போது முழங்கை பச்சைத் துணிமேல் ஊன்றும். துணிக்குக் கீழே என் பிள்ளையின் நெஞ்சு.

“சார், கைய எடுங்க. அது எம் புள்ள சார், திண்டு இல்ல” என்றாய்.

அவர் எடுத்தார். தண்ணீர் சட்டென்று இறங்கியது. “இவ்ளோ நேரம் சாரோட வெயிட்டத்தான் அளந்துகினு இருந்தோம்” என்றாய். நான் வாயைத் திறந்து முதலில் அழுதேன், பிறகு சிரித்தேன். நீ ‘எம் புள்ள’ என்று சொன்னது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

மொட்டை நேர்ந்தபோது யார் தலை என்று சொல்லாமல் விட்டிருந்தேன். “சார் தலையக் குடுத்துடு” என்று யோசனை சொன்னாய். கடைசியில் பையன் தலைதான் போயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை அளக்கும் முன்னாலும் “அல்லாரும் கைய எடுங்க” என்று நீ குரல் கொடுப்பாய். தொண்ணூறுகளில் அளவெல்லாம் திரையில் காட்டும் மெஷின் வந்தும் அதை விடவில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. எண் தப்பாக வந்தால் இன்றைக்கும் முதலில் யார் சாய்ந்திருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

போன மாதம் ஐஸ் பெட்டி வருவதற்குள் உன்னை பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். உன் தங்கை ஓடிவந்து உன் நெஞ்சின்மேல் விழுந்து அழுதாள். “சாயாத, கைய எடு” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. என்னவென்று விளக்குவேன்? அவமானத்தில் நின்றேன். உன்னை இழந்துவிட்டேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு முழுசாக ஏறியது.

அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவன் என் பையன். பின்னாலிருந்து வந்தான். உன் தங்கையின் பக்கத்தில் மண்டிபோட்டு, அவள் கையை உன் நெஞ்சிலிருந்து மெல்ல எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.